கலியபெருமாளுக்கு ஒரு சொட்டு

செத்துப்போன கலியபெருமாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. நாற்றம்தான் தாங்க முடியவில்லை.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டிக் கிடந்தது. புளித்த கள் வாடை, கூடவே வாந்தியைத் துடைத்த துணியின் வாடை. தெருவில் இருந்த ஈயெல்லாம் அவர் தோளுக்கு வந்துவிட்டன. சுவரில் அவருடைய போட்டோ மாலையோடு தொங்கியது. அதில் மட்டும் காய்ந்த தலையோடு இருந்தார்.

மகன் தனவேல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரில் நின்றான். தனவேல் சுத்தக்காரன். டீக்கடைக்குக்கூடத் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறவன். அடுத்தவர் எச்சில் என்றால் ஊரையே சுற்றிக்கொண்டு போவான். கள்ளைக் கண்ணால் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும்.

"அங்க இருக்க முடியலடா" என்றார் அப்பா.

"ஏம்ப்பா?"

"தெறிக்கிறானுவ."

காரைக்கால் பக்கத்து ஊர் அது. அங்கே கள் குடிக்கிறவர்கள் குடிப்பதற்கு முன் விரலை நனைத்து ஒரு சொட்டைத் தரையில் தெறிப்பார்கள். செத்துப்போன பெரியவர்களுக்கு அது. பெரியவர்கள் குடிக்கிறார்களா இல்லையா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. கலியபெருமாள் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"மத்தவன் தெறிச்சா தலையில விழும். சொந்த ரத்தம் தெறிச்சாத்தான் வாயில விழும். நீ ஒரு நாளாச்சும் தெறிச்சிருக்கியா?"

"நான்தான் குடிக்கிறதில்லையே."

"அதான் இப்படி வந்து உக்காந்துருக்கேன்."

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. தனவேல் கடை கடையாகப் போக வேண்டும். ருசி பார்க்க வேண்டும். நல்ல கள்ளாகப் பார்த்து ஒரே ஒரு சொட்டு தெறிக்க வேண்டும். அது வாயில் விழுந்ததும் அவர் எழுந்து போய்விடுவார். விளக்கு வைப்பதற்குள் இது நடக்க வேண்டும்.

"நடக்கலன்னா?"

"வீட்ல ஒருத்தனுக்குத்தான் எடம். நீ போவணும்."

"எங்க?"

அப்பா விரலால் மேலே காட்டினார். விரல் நுனியிலிருந்து சொட்டியது.

"இன்னொண்ணு. கண்ட கண்றாவியையும் தெறிச்சுராத. நீ தெறிச்சா நேரா வாய்க்குள்ள வந்துரும். ஒவ்வொரு கண்றாவிக்கும் உன்னுது ஒண்ண எடுத்துக்குவேன்."

"எத?"

"கைக்குக் கெடச்சத."

அடுக்களையிலிருந்து தனவேலின் மனைவி ஜெயக்கொடி குரல் கொடுத்தாள். "சீக்கிரம் போய்ட்டு வாங்க. தரையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது."

தனவேல் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தெருமுனையில் அந்தோணிசாமி கடை. வெளியிலிருந்து பார்க்கச் சின்னக் கொட்டகை. உள்ளே போனால் பெஞ்சுகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை போட்டிருந்தன. எல்லாப் பெஞ்சிலும் ஆட்கள். எல்லோரும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. நடுவில் ஒரு மண்பானை.

ஒரு ஆள் எழுந்து வந்தார். வாயில் இருந்ததைப் பானைக்குள் துப்பினார். இன்னொரு மொந்தை மொண்டுகொண்டு போனார்.

"என்னங்க இது?" என்றான் தனவேல்.

"கள்ளு" என்றார் அந்தோணிசாமி.

"துப்புறாரே."

"துப்பாம? எல்லாரும் முழுங்கிட்டா கடையில சரக்கு எப்படி இருக்கும்?"

"மரத்துலேருந்து எறக்கறதில்லையா?"

"எங்க அப்பாரு காலத்துல எறக்குனதுங்க. அப்ப ருசியே இல்ல. ஆளுங்க வாய்க்குள்ள போயிப் போயித்தான் இந்தப் பதத்துக்கு வந்துருக்கு."

அவர் பெருமையாகச் சொன்னார். பானையின் மேல் நுரை மிதந்தது. நுரையில் ஒரு வெற்றிலைத் துணுக்கு. தனவேல் டம்ளரை நீட்டினான். அந்தோணிசாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இங்க டம்ளர் வச்சுக் குடிக்கிற பழக்கம் இல்லீங்க. எச்சி படாம போயிடும்."

மொந்தையிலேயே வாங்கினான். தனவேல் அதைக் குடித்தான் என்று எழுதவே கை கூசுகிறது. வெதுவெதுப்பாக இருந்தது. கொழகொழவென்று இருந்தது. வெற்றிலை, பீடி, மத்தி மீன், யாருடைய சொத்தைப் பல்லோ, எல்லாம் அதில் இருந்தன. நாக்கு உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. விரலில் வழிந்ததை "சீ!" என்று உதறினான்.

உதறியது தெறித்ததாகக் கணக்கு. இது அவனுக்கு உடனே தெரியவில்லை. போன் அடித்தது.

"மாமா உங்க நீலச் சட்டையப் போட்டுக்கிட்டாரு" என்றாள் ஜெயக்கொடி.

"கழட்டச் சொல்லு."

"பெரியவரப் போயி எப்படிச் சொல்றது? சரியாத்தான் இருக்கு. தலையும் கொஞ்சம் காஞ்சிருக்கு."

தனவேல் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

அடுத்த கடை கண்ணுக்குத் தெரிந்தது. நடந்தான். ரோடும் கூடவே நடந்தது. அவன் வேகமாகப் போனால் ரோடு அதைவிட வேகமாகப் போயிற்று. சலித்துப்போய் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தான். கடை அவனிடம் வந்து நின்றது.

அது தங்கப்பொண்ணு கடை. தங்கப்பொண்ணு வாயைத் துணியால் மூடிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தனவேலுக்கு உயிர் வந்தது. சுத்தமான பொம்பளை என்று நினைத்துக்கொண்டான்.

"மரத்துக் கள்ளுங்களா?"

"காலையில எறக்குனது. ஈ, பூச்சி எதுவும் இருக்காது. நல்லா வடிகட்டித்தான் குடுக்குறோம்."

பானைக்கு மேலே பலகை போட்டு ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அவள் புருஷன். கள்ளை அவர் முதுகில் ஊற்றினாள். அது பனியனில் ஊறி, உள்ளே போய், அவரைச் சுற்றிக்கொண்டு, வயிற்று வழியாகப் பானைக்குள் சொட்டியது.

"வாங்க" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"இவர எதுக்கு..."

"வடிகட்டப் பன்னாடை கெடைக்கிறதில்லீங்க. இவரு சும்மாதான் இருக்காரு."

"வெயில் காலத்துல நல்லா எறங்கும்" என்றார் புருஷன். "வேர்வையோட சேந்து."

எழுந்து ஓடிவிடலாம் என்று தனவேலுக்கு இருந்தது. ஆனால் நீலச் சட்டை போய்விட்டது. அது கல்யாண நாளுக்கு ஜெயக்கொடி எடுத்துக் கொடுத்த சட்டை. அவளே அது அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது என்கிறாள். அந்த வீட்டை விட்டால் அவனுக்கு வேறு எந்த இடமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். உப்புக் கரித்தது. இந்த முறை ஜாக்கிரதையாக இருந்தான். விரலை உதறவில்லை. தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டான். வாழ்க்கையில் அவன் வேட்டியில் எதையும் துடைத்தது கிடையாது.

அப்போது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தான். சுருட்டையான மயிர். தலைமயிர் இல்லை.

உதறாமல் இருக்க யாரால் முடியும்?

போன் அடித்தது.

"மாமா சுவத்துல இருந்த அவர் போட்டோவக் கழட்டிட்டாரு" என்றாள் ஜெயக்கொடி. "உசிரோட இருக்கறவனுக்கு எதுக்கு மாலைங்கிறாரு."

"சரி, கழட்டட்டும்."

"ஆணி சும்மா இருக்கக் கூடாதாம். மாலையோட உங்களுத மாட்டிட்டாரு. நீங்க வாயத் தொறந்து சிரிக்கிறது ஒண்ணு இருந்துச்சுல்ல, உங்க மச்சான் கல்யாணத்துல எடுத்தது. அதான் கைக்குக் கெடச்சுது."

"அத எறக்கு ஜெயக்கொடி!"

அந்தப் பக்கம் தரை துடைக்கிற சத்தம் கேட்டது.

"யாருங்க பேசறது?" என்றாள்.

தனவேல் ஓடினான். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. முடியிலிருந்து சொட்டியது. ஈக்கள் அவனுக்குப் பின்னால் வந்தன. தன் மேல் அடித்த நாற்றத்தில் அவனுக்கே குமட்டியது. தன்னை விட்டு எங்கே ஓடுவது?

ரோடு முடிந்த இடத்தில் ஒரு பனைமரம் நின்றது. அதுதான் கடைசிக் கடை. பெஞ்சு இல்லை, பானை இல்லை, ஆள் இல்லை. மரத்தின் உச்சியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் தொங்கின. கழுவிய பாதங்கள். நகம் வெட்டியிருந்தது.

"என்ன வேணும்?" என்றன பாதங்களுக்கு மேலிருந்து ஓலைகள்.

"ஒரே ஒரு சொட்டுப் போதுங்க. அப்பாவுக்கு."

"சொட்டா விக்கிறதில்ல."

கயிற்றில் ஒரு பட்டை இறங்கியது. அப்போதுதான் மடித்த பச்சைப் பனையோலை. அதில் கள், தெளிவாக, ஒரு தூசியில்லாமல். தனவேல் முகர்ந்து பார்த்தான். நொங்கு சீவின கத்தியின் வாசனை.

விரலை நனைக்க வேண்டும். தெறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ருசி பார்க்காமல் தெறிக்கக் கூடாதே என்று ஒரு வாய் குடித்தான். குளிர்ந்து இறங்கியது. வெற்றிலை, பீடி, உப்பு, மயிர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிற்று. நாக்கு மெல்ல வெளியே வந்து எட்டிப் பார்த்தது. சந்தேகத்துக்கு இன்னொரு வாய். லேசான புளிப்பு, ஓரத்தில் ஒரு சுறுசுறுப்பு. பிறந்ததிலிருந்து தன் வாய் அழுக்காகவே இருந்தது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாந்து முழுவதையும் குடித்தான். பட்டையின் மடிப்பை நக்கினான். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினான்.

"தெறிச்சாச்சா?" என்று மேலிருந்து குரல் கேட்டது.

தனவேல் விரலைப் பார்த்தான். விரல் பளிச்சென்று இருந்தது.

"இன்னொண்ணு குடுங்க."

"இன்னிக்கு அவ்வளவுதான். நாளைக்கு வாங்க."

பாதங்கள் ஓலைக்குள் போய்விட்டன.

திரும்பி வரும்போது ரோடு கையகலம்தான் இருந்தது. ஒரு எட்டு வைத்தான், வீட்டு வாசல்.

கலியபெருமாள் வாசலில் நின்றார். நீலச் சட்டை. படிய வாரிய தலை. பவுடர் வாசனை. உள்ளே ஜெயக்கொடி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"நல்லதா கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கெடச்சுதுப்பா."

"எனக்கு ஒண்ணும் விழலியே."

தனவேல் தலையைக் குனிந்துகொண்டான். கீழே அவனைச் சுற்றிக் குட்டை மாதிரி தேங்கியிருந்தது.

"மாமா, யாரது, வாசல்லயே நிக்கிறது?" என்றாள் ஜெயக்கொடி. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "உள்ள வந்துராதீங்க. இப்பத்தான் தொடச்சேன்."

"நான்தான் ஜெயக்கொடி" என்றான் தனவேல்.

அவள் தரையைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. துடைக்கிற துணியை எடுக்க உள்ளே போனாள்.

கலியபெருமாள் அவன் தோளில் தட்டினார். கை நனைந்ததும் சட்டென்று சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கவலப்படாதடா. நீ மறந்த மாதிரி நான் மறக்க மாட்டேன். தெனமும் உனக்குத் தெறிக்கிறேன். நானும் சொந்த ரத்தம்தானே, நேரா வாயிலதான் விழும்."

"அப்பா, பனைமரத்துக் கடையில வாங்குங்க. ரோடு முடியிற எடத்துல. வேற எங்கயும் வேணாம்ப்பா."

"அவ்வளவு தூரம் யாருடா நடக்கறது? முனையிலயே அந்தோணிசாமி இருக்கான்."

தனவேலின் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

தனவேல் சுவரில் ஏறி போட்டோவுக்குள் நின்றான். மாலை கழுத்தளவுக்குச் சரியாக இருந்தது. வாயை மூடிக்கொள்ளப் பார்த்தான். அந்தப் போட்டோவில் அவன் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.