கரைந்துவிட்டது என்று எழுதிய வரி

1

மார்ச் 11, செவ்வாய். ஒரு பிழை செய்துவிட்டேன். போன வாரம் மாலை நேரக் கதை வகுப்புக்கு எழுதிய கதையில், ‘மாத்திரை அவள் காலிலிருந்த இரத்தக்கட்டியைக் கரைத்துவிட்டது’ என்றொரு வரி. வரி நன்றாக இருந்ததால் சரிபார்க்கவில்லை. கதையில் வருபவள் என் அக்கா. அந்தக் கதையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: சுங்கச்சாவடிக் கூண்டுக்குள் அவள் சிலைபோல்

(இல்லை. எந்தச் சிலை லாரிக்காரர்களோடு வாயாடும்?)

மறுபடி: கழிப்பறைக்கு எழுந்து போனால் இடத்தில் உட்கார ஆள் இல்லாததால் அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தாள். பத்து மணி நேரம் ஒரே இருப்பு. ஒருநாள் இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகிவிட்டது.* ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

*கல் என்பது மிகை. தொட்டால் சுட்டது, அவ்வளவுதான்.

3

இன்று சாயங்காலம் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஐந்து நாள் மாத்திரை அப்படியே இருந்தது. ஏனென்று கேட்டேன்.

“வீக்கம்தான் வத்திடுச்சே. கரைஞ்சாச்சுன்னு நீயே எழுதியிருக்க.”

“அது கதைதான், அக்கா.”

“என் கால வெச்சுத்தானே எழுதின? கால் நிஜம், மாத்திரை மட்டும் கதையா?”

வகுப்புக்குப் போகவில்லை. மருத்துவமனை நர்ஸை ஃபோனில் பிடித்தேன். கரைப்பது உடம்பே என்றார். இரத்தம் உறையும்போதே அதைக் கரைக்கும் பொருளும் உள்ளே சிக்கிக்கொள்கிறதாம். இரத்தக்குழாயின் சுவர் அதை மெல்ல எழுப்ப, அது கட்டியை இழை இழையாக அறுக்கிறதாம். மாதக்கணக்காகும். முழுதும் கரையாமலும் போகலாம். அதுவரை கட்டி வளராமல் காவல் நிற்பதே மாத்திரையின் வேலை. காவல் போனால் கட்டி பெரிதாகலாம், உடைந்து நுரையீரலுக்கும் போகலாம். விட்டதைச் சேர்த்து விழுங்காமல் ஒன்றே ஒன்றை இப்போதே போடச் சொன்னார். மூச்சு வாங்கினால் உடனே வரவேண்டும்; இல்லையென்றால் காலையில் மறு ஸ்கேனுக்கு.

அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“இவ்வளவு மெதுவா வேலை பார்த்தா எங்க சூப்பர்வைசர் எப்பவோ சீட்டைக் கிழிச்சிருப்பார்,” என்றாள். ஆனால் மாத்திரையை விழுங்கினாள்.

4

முடிவு அ: கட்டி சிறுத்திருக்கிறது. அக்கா வழி நெடுக என்னைக் கேலி செய்கிறாள்.

முடிவு ஆ: கட்டி தொடைவரை ஏறி

(கை ஓடவில்லை.)

முடிவில்லாத கதையை ஆசிரியர் ஏற்கமாட்டார். உங்களுக்கு வேண்டுமானால் முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஆசை அதுதான். ஆனால் அவள் காலைப் பற்றித் தெரியாத ஒன்றை இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பில்லை.

நாளை: காலை எட்டரைக்கு ஸ்கேன். அக்காவோடு நானும் போகவேண்டும்.