போனக்கா லீவு போட்ட நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, கேட்டதால் எழுதுகிறேன். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கான ஆதரவு மையத்தில் ஒரு சிற்றேடு போட நினைத்தார்கள். "நாலு பக்கத்துல ஒரு கதை, மனசைத் தொடற மாதிரி" என்றார் மருத்துவர். மனசைத் தொடுவதென்றால் யாரையாவது சாகடிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். முதல் வரி இது:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. படுக்கையில் அவள் தன் இறுதி

(இதோடு விட்டேன். காரணம் வருகிறது.)

2

அந்த 'அவள்' நிஜமானவள். மையத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, மாத்திரை வாங்க வராதவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரிப்பவள். எல்லோருக்கும் அவள் போனக்கா. பதினோரு வருடமாக அவளும் அதே மாத்திரை போடுகிறவள்தான்.

என் தாளைப் படித்தாள்.

"என்ன எழுத்தாளரம்மா, என்னைக் கொன்னுட்டீங்க?"

"கதைக்காகத்தான்..."

"மாத்திரையை விடாம போட்டா நல்லா இருக்கலாம்னு தினமும் தொண்டை வத்தப் பேசறேன். நீங்க ரெண்டே வரியில என்னைப் பாடையில ஏத்தறீங்க."

பேனாவை மூடினேன். "சரி, வேற என்ன எழுதட்டும்?"

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "லிஃப்ட்காரரை எழுதுங்க" என்றாள்.

3

(கதை இங்கேதான் தொடங்குகிறது. முன்னால் உள்ளதைக் கிழித்துப் போட்டாலும் பாதகமில்லை.)

லிஃப்ட் மெக்கானிக் மாதம் ஒருமுறை வர வேண்டியவர். ஆறு மாதமாக வாரம் ஒருமுறை வந்தார். லிஃப்டுக்கு ஒரு கோளாறும் இல்லை, கோளாறு அவருக்குத்தான். "ஏதோ சத்தம் வருது" என்று சொல்லி இரண்டாவது மாடியில் நிறுத்திவிடுவார். போனக்காவை அங்கே வேலை பார்ப்பவளாக மட்டுமே அவருக்குத் தெரியும். ஒருநாள் கேட்டேவிட்டார்: "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"அப்புறம் சொல்றேன்" என்று அவள் போனை எடுத்துக்கொண்டாள். பல வருடம் முன்பு ஒருவரை நம்பித் தன் நிலையைச் சொல்லியிருந்தாள். மறுநாளே தெருவெல்லாம் தெரிந்து, ஒரு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவள், எதிரே காலி நாற்காலியைப் போட்டு ஒத்திகை பார்த்தாள். நாற்காலி எழுந்து போகாததே பெரிய ஆறுதலாக இருந்ததாம்.

4

லீவு போட்டுவிட்டு அவரைப் பூங்காவுக்கு வரச்சொன்னாள். கடைசி பெஞ்ச். கையில் டீ. [இங்கேயும் மழையைக் கொண்டுவரப் பார்த்தேன். "அன்னைக்கு மண்டையைப் பொளக்கற வெயில்" என்று அடித்துவிட்டாள்.] ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்து நடுவில் வைத்தாள்.

"சுகரா?" என்றார் அவர். "எங்க அம்மாவுக்கும் இருக்கு. பயப்படாதீங்க."

"சுகர் இல்லீங்க. எச்.ஐ.வி."

அவர் டீயைக் கீழே வைத்தார். [இந்த இடத்தில் காதலைப் பற்றி அவர் வாயில் ஒரு வசனத்தைத் திணித்திருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.] அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. யாரைக் கேக்கறது?"

"என்னைத்தான் கேக்கணும். அதான் என் வேலை. ஆனா இன்னைக்கு நான் லீவு."

சொல்லிவிட்டு அழுதாள். (அழுகை என் கைவரிசையல்ல. அவளே சேர்க்கச் சொன்னாள்.)

5

ஒன்பது நாள் அவர் வரவில்லை. லிஃப்டில் நிஜமாகவே சத்தம் வந்தது. வேறொருவர் வந்து சரிசெய்தார். போனக்கா அந்த ஒன்பது நாளும் ஊராருக்கெல்லாம் போன் போட்டாள், அவர் ஒருவரைத் தவிர.

பத்தாம் நாள் வந்தார். மாடிக்கு அல்ல, கீழ்த்தளத்தில் இருந்த நர்ஸிடம். ஒரு தாளின் பின்பக்கம் முழுக்கக் கேள்விகள். மாத்திரையை விடாமல் போட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்தே இருந்தால், உடலுறவில் அது அடுத்தவருக்குப் பரவாது என்று நர்ஸ் படம் வரைந்து விளக்கினார். "குழந்தை?" என்று கேட்டதற்கும் விளக்கம் கிடைத்தது. தன் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, படியேறி மேலே வந்தார்.

"பதினேழு கேள்வி கேட்டேன். பதினாறுக்குப் பதில் சொல்லிட்டாங்க."

"மிச்சம் ஒண்ணு?"

"அதை உங்களைத்தான் கேக்கணுமாம். என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா? நான் பாட்டுக்குக் கல்யாணம்னு ஆரம்பிச்சேனே தவிர, இதைக் கேக்கவே இல்ல."

("சினிமா மாதிரி இருக்கே" என்றேன். "நடந்துச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ண?" என்றாள்.)

6

முடிவு அ: அவள் தலையாட்டினாள்.
முடிவு ஆ: "யோசிக்கணும்" என்றாள்.

இரண்டையும் எழுதிக் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தாள், சிரித்தாள், நாலாக மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"என் ரத்தத்துல என்ன இருக்குன்னு நீங்க ஊருக்கே எழுதுங்க, நானே சொல்றேன். மனசுல என்ன இருக்குன்னு அவர்கிட்ட சொல்லியாச்சு. அது எங்களுக்குள்ள இருக்கட்டும்."

அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் போனை எடுத்துவிட்டாள். "அண்ணே, மூணு வாரமா ஆளைக் காணோமே? திட்டமாட்டேன், நாளைக்கு வாங்க."

ஆகவே வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. உங்களுக்குத் தோன்றுவதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒன்று தோன்றுகிறது, ஆனால்