மட்காட்டில் ஒரு சொல்

1

பத்தொன்பது மணித்தியாலமும் இருபது நிமிடமும் அந்தச் சொல் காரின் மட்காட்டில், சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில், இருந்தது. இந்தக் கதைக்கு மூலம் அவ்வளவுதான். மீதியை நான் சோடிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: '1938ஆம் ஆண்டு, உரும்பிராயின் செம்மண்...' வேண்டாம். மண்ணை வர்ணித்து முடிக்கும்வரை கார் ஒழுங்கையிலேயே நிற்கும்.

இரண்டாவது: சாவகச்சேரியிலிருந்து கதிரவேலு, மாமன் பஞ்சலிங்கத்தின் காரில், உரும்பிராய்க்குப் பெண் பார்க்க வந்தார். பெண் அருந்ததி, விஞ்ஞானப் பட்டதாரி. கதிரவேலு அவளைத்தான் கேட்டார்:

“முப்பது மைல் வேகத்திலை வந்தனாங்கள். மட்காட்டிலை இருக்கிற புழுதி ஏன் பறக்கேல்லை?”

அவள் தலை குனிந்தாள்.

“பி.எஸ்சி. எண்டியள். பிள்ளைக்கு வாய் இருக்கோ?” என்று பஞ்சலிங்கம் சிரித்தார்.

தகப்பன் மார்க்கண்டுவுக்குச் சுட்டுவிட்டது. மகளைக் கேட்காமலே சொன்னார்: “பிள்ளைக்கு விருப்பமில்லை.”

2

அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் அருந்ததி காரடிக்குப் போய், மட்காட்டுப் புழுதியில் விரலால் எழுதினாள்: விருப்பம்.

அடுத்த ஊரான கோப்பாயைத் தாண்டுமுன் காற்று துடைத்துவிடும் என்று நினைத்துத்தான் அவள்—

இந்த வாக்கியத்தை நான் நம்பவில்லை. அவளுக்கு வசதியானது என்பதால் விட்டுவைக்கிறேன்.

(குறிப்பு: ஓடும் காரைத் தொடும் காற்று காரோடேயே ஒட்டிக்கொண்டு போகும். அதற்கு மேலே சிறிது சிறிதாகத்தான் வேகம் ஏறும். அந்த மெல்லிய பகுதிக்கு எல்லைப்படை, அதாவது எல்லை அடுக்கு, என்று பெயர். நுண்ணிய புழுதி அதற்குள் ஒதுங்கியிருக்கும். பெருங்காற்று தலைக்கு மேலால் போய்விடும். கூச்சமுள்ளவர்களுக்கு நல்ல இடம்.)

3

மறுநாள் நடுப்பகல் கார் திரும்பி வந்தது. பஞ்சலிங்கம் இறங்கி மட்காட்டைக் காட்டினார்.

“அண்ணை, உந்தச் சொல்லை ஆர் எழுதினது? சந்தைச் சனம் முழுக்க வாசிச்சுப்போட்டுது. உவன் கதிரவேலு காரைத் துடைக்க விடுறானில்லை.”

கதிரவேலு தலை குனிந்தார். இப்போது அவர் முறை.

மார்க்கண்டு மகளைப் பார்த்தார். “விளையாட்டுக்குக் கிறுக்கியிருப்பாள். காற்றிலை போயிடும் எண்டு நினைச்சிருப்பாள். என்ன பிள்ளை?”

[“ஓம்” என்று ஒத்துக்கொண்டால் தகப்பனின் மானம் தப்பும். கார் போய்விடும், பிறகு வராது.]

முடிவு ஒன்று: “ஓம்” என்கிறாள்.

முடிவு இரண்டு: மழை பெய்து சொல் கரைகிறது. (ஆனி மாதம். பெய்யாது.)

இரண்டும் வேண்டாம். அவள் பதிலுக்கு மார்க்கண்டு சொன்ன மறுமொழியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் கதிரவேலு கேட்டதிலிருந்து நான் அடக்கிவைத்திருந்த பதிலை மட்டும் அவள் எல்லாருக்கும் கேட்கச் சொல்லட்டும்:

“இல்லை, ஐயா. காற்று அதை அழிக்காதெண்டு எனக்குத் தெரியும்.”