நாய் கழுத்துச் சட்டை

எங்கள் மேய்ச்சல் சனத்தில் பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் அதன் முதல் சட்டையைக் கழற்றி, மிட்டாய் பொதிந்து நாயின் கழுத்தில் கட்டி விரட்டுவோம். வாண்டுகள் துரத்திப்போய் மிட்டாயைப் பிடுங்கிக்கொள்ளும். சட்டை, பிள்ளையில்லாதவளுக்கு; அவளுக்கும் பிள்ளைப் பாக்கியம் ஒட்டட்டும் என்று. பதினோரு வருஷமாக அது நான்தான்.

அன்று என் ஓர்ப்படி அயிம்குல் பெற்ற பையனுக்குச் சடங்கு. அந்தத் தடிநாய் ஏரிப்பக்கம் ஓடியிருக்கக் கூடாதா? இறகுப்புல்லுக்குள் ஓடித் தொலைத்தது. வசந்தத்தில் ஆடுகள் ஆசையாய் மேயும் புல்தான். ஆகஸ்டில் விதை முற்றிவிட்டால் மந்தையை அந்தப் பக்கமே விடமாட்டோம். விதைக்கு ஊசிமுனை, பின்னால் முறுக்கிய வால். வேர்வை பட்டால் வால் திருகும், முனை தோலுக்குள் இறங்கும். வால் ஒடிந்தாலும் முனை நிற்காது. போன வருஷம் என் புருஷன் தோக்தார் உரித்த ஆட்டில் அது ஈரல்வரை போயிருந்தது.

எல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. உதறினால் பாக்கியமும் உதிர்ந்துவிடுமோ என்று சட்டையை அப்படியே நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு, பையனை வாங்கி இறுக்கி அணைத்தேன்.

“மெதுவாக்கா, நசுக்கிப்புடாதீங்க!” என்று அயிம்குல் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பையன் வீறிட்டான். பால் குடிக்கவில்லை.

“நேத்து முழுங்குற மாதிரி பாத்தீங்களே, உங்க கண்ணுதான் பட்டுருச்சு” என்றாள் அயிம்குல்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திட்ட வாயெடுத்தபோது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். தோலில் இரண்டு வால்கள் நின்றன.

“கண்ணு இல்லடி, இதுதான்! அவன் துணிய அவுரு!”

பையனின் அக்குள் மடிப்பில் மூன்று. அவள் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொன்றாக உருவினேன். மூன்றாவதை உருவும்போது அவன் உதைத்தான். பிறகு அழுகை நின்றது.

“மன்னிச்சுருங்கக்கா. எல்லாம் வந்துருச்சுல்ல?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். வால் மூன்று இருந்தது. முனை இரண்டுதான்.

தோக்தார் லாரியைக் கிளப்பினார். ஆஸ்பத்திரி நாலு மணி நேரப் பயணம். குலுங்கும்போதெல்லாம் அயிம்குல் என் கையை இறுக்கினாள். பையன் அழவே இல்லை. அழுதால் தேவலை என்றிருந்தது.