நிமிடத்துக்கு 2900 சுற்று

குஜராத்தின் அங்கலேஷ்வரில், ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் மூன்றாவது தொட்டிக் கலவையும் பிரிந்துவிட்டது. மேலே எண்ணெய், அடியில் தண்ணீர். எண்ணெய்த் துளிகள் மூன்று மைக்ரானைத் தாண்டாது என்று பொறியாளர் ஊர்வி உருவாக்கிய கணினிக் கணக்கு மாதிரி சொல்லியிருந்தது. ஆய்வகம் அளந்தபோது எட்டு.

"பாருங்க பென், உங்க கம்ப்யூட்டர் கடைஞ்ச மோரை." சகோதரி என்று பொருள்படும் 'பென்'னைக் கேலியாக இழுத்தபடி, உற்பத்தி மேலாளர் தன்சுக் குடுவையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "நாலு மணிக்கு சேட் வர்றாரு. இன்னிக்கோட உங்க கடைய மூடிடலாம்."

வெறும் மிரட்டல் இல்லை. மூன்று தொட்டியும் கெட்டால் மாதிரியைக் கைவிட வேண்டியதுதான் என்று முதலாளி சேட்டே சொல்லியிருந்தார். அவளுடைய ஒன்றரை வருட உழைப்பு.

ஊர்வி அடுத்த தொட்டிக்காக ஓடிக்கொண்டிருந்த கலக்கும் இயந்திரத்திடம் போனாள். பக்கத்துச் சுவரில் அதை ஓட்டும் பர்பத்தின் பதிவுத் தாள். மணிக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் நிமிடத்துக்கு 2900 சுற்று. ஆறு மணி வரிகூட நிரம்பியிருந்தது. அப்போது மூன்றேகால்தான்.

"பர்பத் பாய், ஆறு மணி இன்னும் வரலையே?"

"வராம எங்க போகும்?" சாஸரில் ஊற்றிய டீயை உறிஞ்சினார் பர்பத். "காலைலயே எழுதிட்டா சாயங்காலம் பஸ் தப்பாது. எல்லா ஷிப்ட்லயும் அப்படித்தான்."

வேகமானியைக் கொண்டுவந்து அச்சுக்கு நேரே பிடித்தாள். 2180. பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. சுற்று குறைந்தால் துளி பெரிதாகும்; பெரிய துளிகள் மேலேறிப் பிரிந்துவிடும். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி, சேட்டின் அறைக்கு ஏறும் மாடிப்படியில் பாதி வரைதான் நீடித்தது. ஆறு மாதமாக இதே தாள்களில் இருந்த எண்களைக் கணினிக்குக் கொடுத்துத்தான் அவள் தன் மாதிரியைச் சரிசெய்திருந்தாள்.

அவள் கையில் தாளைக் கண்டதும் தன்சுக்குக்குப் புரிந்துவிட்டது. சேட்டின் முன்னால் அவரே முந்திக்கொண்டார்.

"சொல்லுங்க பென். தாள் நிஜம்னா உங்க கணக்கு தப்பு. தாள் பொய்னா, அதத் தின்னு வளந்த உங்க மாதிரி மட்டும் யோக்கியமா?"

ஊர்வி தாளைச் சேட்டின் மேசைமேல் வைத்தாள்.

"தாள் பொய், சேட். அதனால என் மாதிரியும் தப்பு. பழைய நம்பரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நானே நின்னு அளக்கணும்."

சேட் இருவரையும் ஒரே வெறுப்புடன் பார்த்தார். "ரெண்டு பேருமாச் சேந்து மூணு தொட்டியக் கொட்டியாச்சு. பதினஞ்சு நாள் தர்றேன். தன்சுக், நீ பெல்ட்ட மாத்து. இவ அளக்கட்டும்."

வெளியே வந்ததும் தன்சுக் வழியை மறித்தார். "கீழ உங்களுக்கு நாற்காலி கெடையாது. ஏழு மணிக்கு மெஷின் ஓடிரும், யாருக்காகவும் நிக்காது."

"ஆறு மணிக்கே வர்றேன், பாய். நீங்க பெல்ட் மாத்தறதப் பாக்கணும்."