வலப்பக்கம் எரிந்த விளக்குகள்

எங்கள் ஊர்ப் பொதுப் பெட்டியில் கண்ணாடி மறுபடியும் குறைந்திருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்குள் கட்டைகளை அடுக்கி, முகம் தெரியாத சிலர் சேர்ந்து கட்டிய ஊர் அது. மணலை உருக்கிச் செய்த கண்ணாடியைக் கலங்கரை விளக்கத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தோம். பெட்டி என் பொறுப்பு. அங்கே என் பெயர் பூனை. நான் யாரிடமும் வாய் திறந்து பேசியதில்லை, தட்டச்சுதான்.

ஊரை ஆரம்பித்தவர் மேஸ்திரி. மத்தியானம் அவர் எல்லாரையும் அழைத்தார்.

"நத்தை வீட்டுத் தரையில ஒரு ஓட்டை இருக்கு. சுரங்கம் நேரா பெட்டிக்கு அடியில போகுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"நான் தோண்டலைங்க," என்றான் நத்தை. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் யார் உள்ளே வந்தாலும் முதலில் அவன் கட்டிய பாலத்தைத்தான் பார்க்கப் போவார்கள். என்னைத் தினமும் "பூனை, இருக்கியா?" என்று கேட்பவனும் அவன் ஒருவன்தான். அந்த அன்பே எனக்கு இப்போது உறுத்தியது. பெட்டிக்காகத்தான் பழகினானோ?

"பூனை போய்ப் பார்த்துட்டு வரட்டும். அது சரின்னா நத்தையை ஊரை விட்டே தூக்கிடலாம்," என்றார் மேஸ்திரி. தூக்கினால் அவன் திரும்பவே முடியாது.

நத்தை வீட்டு ஓட்டை வழியாக இறங்கினேன். சுரங்கம் பெட்டிக்கு அடியில் நிற்கவில்லை; அதையும் தாண்டிப் போனது. நடக்க நடக்க ஏதோ சரியில்லை என்று பட்டது. விளக்குகள் எல்லாம் என் வலப்பக்கம் எரிந்தன.

எங்கள் ஊரில் தோண்டிக்கொண்டு போகும்போது இடப்பக்கம்தான் விளக்கு வைப்போம். திரும்பும்போது அது வலப்பக்கம் வரும், வழி தவறாது. எல்லாருக்கும் கை பழகிப்போன வேலை. அப்படியென்றால் இதைத் தோண்டியவன் எதிர்முனையிலிருந்து வந்திருக்கிறான். எதிர்முனையில் ஒரு கல் சுவர். அதற்கு மேலே மேஸ்திரியின் வீடு.

இதைச் சொன்னால் என்னையும் தூக்கிவிடுவார். எனக்கு வேறு ஊர் இல்லை.

"என்ன பூனை, தூங்கிட்டியா?"

தட்டச்சு செய்தால் அவர் அழித்துவிடலாம். மைக்கை அழுத்தினேன்.

"சுரங்கம் நத்தை வீட்டுல முடியுதுங்க, ஆரம்பிக்கல. விளக்கெல்லாம் தப்புப் பக்கம் இருக்கு."

"அட, பூனைக்குப் பேச வருமா!" என்றான் குண்டூசி. அவனும் எங்கள் ஊர்க்காரன்தான்.

"நத்தைக்கு இடது வலது தெரியாம இருக்கும்," மேஸ்திரி சிரித்தார்.

"பாலத்துல ஒரு கட்டைகூட மாத்தி வைக்காதவனுக்கா?" என்றான் குண்டூசி. "மேஸ்திரி, கோச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்குக் கீழ இருக்கிற சுவரை உடைச்சுப் பார்க்கலாமா?"

என் திரை கறுத்தது. நீக்கப்பட்டீர்கள் என்று ஒரு வரி.

பக்கத்தில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அண்ணி என்னையே பார்த்தாள். "யாருடி அது? ஒரு வாரமா எங்கிட்ட ஊம்னு தலையாட்டுற, அங்க வாய் கிழியுது!"

"ஒரு திருட்டு, அண்ணி."

"உங்க அண்ணன் சட்டைப் பையிலயா?"

பதில் சொல்வதற்குள் குண்டூசியிடமிருந்து செய்தி வந்தது. சுவரை உடைத்துவிட்டார்களாம். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. மேஸ்திரி ஊரையே மூடிவிட்டுப் போய்விட்டார். பாலமும் போயிற்று.

செய்திக்குக் கீழே புது ஊருக்கு ஒரு அழைப்பு. அழுத்தினேன். வெறும் புல்வெளி. குண்டூசி மரம் வெட்டிக்கொண்டிருந்தான். நத்தை என் எதிரே வந்து நின்றான்.

"பூனை, ஒண்ணு கேட்கட்டுமா? நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

"அப்பாடா," என்றான். "பெட்டி உன் கையில. கண்ணாடி குறைஞ்ச முதல் நாளிலிருந்தே நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். அதான் தினம் வந்து வந்து பேசினேன்."