பகல் தண்ணீர்

"டம்ளரைக் கீழ வை."

மருமகள் டம்ளரை உதட்டோரம் பிடித்தபடி அப்படியே நின்றாள். மாமியார் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசற்படியில் குந்தியிருந்து, பிளாஸ்டிக் மக்குகளைக் கைப்பிடி வழியாகக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஒற்றை அறை வீட்டில், விடிந்த பிறகு யார் குடத்துப் பக்கம் போனாலும் அவள் காதுக்குத் தப்பாது.

"ஒரு வாய்தான் அத்தை. நாக்கு ஒட்டிக்குது."

"அந்த ஒரு வாய்தான் பதினோரு மணிக்கு உன்னை ஆட்டி வைக்கும். அப்ப காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பார்ப்பே. நான் என்ன பண்ண முடியும்? கிராம்பு தரேன், அடக்கிக்கோ."

"உள்ள ஒண்ணு இருக்கே அத்தை. அதுக்கு வேணாமா?"

"என் புள்ளையையும் நான் அந்த பிளாட்பாரத்துல குந்திக்கிட்டுத்தான் சுமந்தேன். என்ன குறைஞ்சு போச்சு? குத்துக்கல்லு மாதிரி இருக்கான் பாரு."

குத்துக்கல் அப்போதுதான் பாயைவிட்டு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, குடத்தில் சொம்பைவிட்டு மொண்டு மடக் மடக்கென்று குடித்தான். மறுபடியும் மொண்டு அதையும் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன, காலங்காத்தாலயே ரெண்டு பேரும்?" என்றான். மருமகள் டம்ளரில் இருந்ததைக் குடத்திலேயே திரும்ப ஊற்றினாள். அவளுக்கு ஐந்தாம் மாதம்.

மூன்று பேருமே தெருவில் விற்றுப் பிழைப்பவர்கள். அவன் இரண்டு தெரு தள்ளி நின்று கைப்பேசி உறை விற்கிறான். வெயில், புழுதி, விரட்டுகிற மாநகராட்சி வண்டி எல்லாம் அவனுக்கும் உண்டு. இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் ஆண்பிள்ளைக்கு இந்த மாநகரம் எத்தனை சுவர்களைக் கட்டி வைத்திருக்கிறது! டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பக்கவாட்டில் ஒன்று, 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதியது ஒன்று. அந்தக் கடைசிச் சுவரில்தான் கூட்டம் அதிகம். பெண்பிள்ளைக்கு ஒரு கதவு வேண்டும், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறாள். அந்த ஒரு கதவு இல்லாமல் அந்தப் பெரிய கடைவீதியில் நாற்பது பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த வழி, குடிக்காமல் இருப்பது. யார் முதலில் ஆரம்பித்தாளோ தெரியாது. அது பழக்கமாகி, பழக்கம் ஒழுக்கமாகி, கடைசியில் பெருமையாகவே ஆகிவிட்டது. பகலில் தண்ணீர் குடிப்பவளை வரிசையில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மாமியாருக்கு அங்கே ஒட்டகம் என்று பெயர். குடை விற்கிறவள் கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அவளுக்கு அது பட்டம் மாதிரி ஆகிவிட்டது.

"இருபத்தாறு வருஷம். பகல்ல ஒரு சொட்டு உள்ள இறங்கினதில்ல," என்பாள்.

சாயங்காலம் பார்த்தால் ஒட்டகத்தின் கால் இரண்டும் வீங்கியிருக்கும். இடுப்புக்கு மேலே ஒரு வலி எப்போதும் உண்டு. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'சூடு'. வெயிலில் இருந்தால் சூடு வரத்தானே செய்யும் என்று அதோடு விட்டுவிடுவாள்.

அவர்களுடைய இடம் நாலு மாடித் துணிக்கடை ஒன்றின் வாசலுக்கு நேர் எதிரே, நடைபாதை ஓரம். விற்பது வாளி, மக்கு, கழிப்பறை தேய்க்கும் பிரஷ். ஊரில் இருக்கிற கழிப்பறைக்கெல்லாம் சாமான் கொடுக்கிறவர்கள் இவர்கள்தான்! துணிக்கடையின் சூப்பர்வைசரே வருஷத்துக்கு ஒரு தடவை இறங்கி வந்து, ஒவ்வொரு மக்காகக் கைப்பிடியை முறுக்கிப் பார்த்து, இரண்டு டஜன் வாங்கிப் போவார். "போன தடவை குடுத்ததுல மூணு உடைஞ்சு போச்சு, ஏமாத்தாதே," என்று மூக்கால் அழுவார். அந்தக் கடையில் மாடிக்கு ஒரு கழிப்பறை. வெளியே பளபளவென்று ஒரு பலகை: வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.

தெரு முனையில் பொதுக் கழிப்பறை ஒன்றும் இருக்கத்தான் இருக்கிறது. ஓடு பதித்து, வர்ணம் அடித்து, பெண்கள் பக்கத்துக் கதவில் ஒரு பெண்ணின் படம்கூட வரைந்துவிட்டார்கள். எட்டு மாதமாகப் பூட்டு தொங்குகிறது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு நாள் கிடைக்கவில்லையாம். அதைவிட்டால் பேருந்து நிலையம். போய் வர முக்கால் மணி ஆகும். அந்த முக்கால் மணிக்குள் சாமான் பறிக்கிற வண்டி வந்துவிட்டால், ஒருத்தியால் அத்தனை வாளியையும் அள்ளிக்கொண்டு சந்துக்குள் ஓட முடியாது. அதற்கு நாலு கை வேண்டும். அதனால்தான் ஐந்தாம் மாதத்திலும் மருமகள் அங்கே இருந்தாள்.

ஒரு நாள் பதினோரு மணிக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். "துணிக்கடைக்குள்ள போய் ஒரு கைக்குட்டை வாங்கறேன் அத்தை. வாங்கினா நானும் வாடிக்கையாளர்தானே?"

"போய்ப் பாரு," என்றாள் மாமியார், குரலில் ஒரு நமுட்டுச் சிரிப்போடு. அவளும் ஒரு காலத்தில் போய்ப் பார்த்தவள்.

மருமகள் வாங்கினாள். ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டே மாடிப்படிக்குப் பின்னால் போனாள். பாதி வழியில் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"ஏம்மா, நீ வெளிய வாளி விக்கிற பொண்ணுதானே?"

"கைக்குட்டை வாங்கியிருக்கேன் சார். இதோ ரசீது."

"அதெல்லாம் சரி. உன்னை விட்டா நாளைக்கு நாப்பது பேரும் ரசீதோட வந்து நிப்பீங்க. வாடிக்கையாளர்லாம் முகம் சுளிப்பாங்கம்மா. புரிஞ்சுக்கோ."

"சார், வயித்துப் புள்ளக்காரி..."

"வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அவர்களுடைய பள்ளியில் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று போன மாதம்தான் தலைமை ஆசிரியையிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். ஆனாலும் அந்தப் பத்தடி தூரத்தை அவளுக்கு விட அவருக்கு மனம் வரவில்லை.

வெளியே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டிருந்த காவலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். மாமியார் தகர டப்பியைத் திறந்து ஒரு கிராம்பை நீட்டினாள். மருமகள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து மருமகள் காலையில் குடத்துப் பக்கமே போகவில்லை. மாமியாருக்குப் பரம திருப்தி. "பரவாயில்ல, தேறிட்டா," என்று சீப்பு விற்கிறவளிடம் சொன்னாள். மூன்றாம் வாரம், போகும்போது எரிகிறது என்றாள் மருமகள். சூடு என்றாள் மாமியார். இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றாள். அதுவும் சூடுதான். ராத்திரி அவள் புருஷனிடம் சொன்னபோது அவன், "அம்மா சமாளிக்கலையா? கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தான்.

அடுத்த திங்கட்கிழமை உச்சி வெயிலில் அவளுக்குக் குளிர் எடுத்தது. தார் ரோடு உருகுகிற வெயில். பல் கிட்டித்துக்கொண்டு, "அத்தை, குளிருது," என்றாள். மாமியார் கையைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பில் கிடந்த கரண்டி போலக் கொதித்தது. இந்தச் சூடும் இந்தக் குளிரும் மாமியாருக்குப் புதிதல்ல. எங்கே, எப்போது என்று நினைக்க அவள் விரும்பவில்லை. மருமகள் வாளி அடுக்கின் மேலேயே சாய்ந்தாள். அடுக்கு சரிந்து, வாளிகள் துணிக்கடை வாசல்வரை உருண்டு போயின.

அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. பாட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மருமகளின் கைக்குள் இறங்கியது. இருபத்தாறு வருஷ ஒட்டகம் அதைப் பார்த்துக்கொண்டு கட்டில் காலைப் பிடித்தபடி நின்றாள்.

"கிருமி கிட்னிவரைக்கும் ஏறியிருக்கு," என்றாள் நர்ஸ். "இந்தக் காய்ச்சல் இன்னொரு தடவை வந்தா புள்ள தங்கறது கஷ்டம்மா. சும்மா பயமுறுத்தலை. பகல்ல எவ்வளவு தண்ணி குடிக்கிறா?"

மாமியார் கண்ணை மறுபடி பாட்டில் பக்கம் திருப்பினாள்.

"இவளுக்கு முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்கா?"

"இல்ல சிஸ்டர். இதான் தலைச்சன்." பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள்: "எனக்கு ரெண்டு போச்சு. இவ புருஷனுக்கு அப்புறம்."

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "எத்தனாவது மாசம்?"

"ஒண்ணு ஆறு. இன்னொண்ணு ஏழு. ஏழுல போனது பொண்ணு. முடியெல்லாம் இருந்துச்சு."

"அப்ப காய்ச்சல் வந்துச்சா? குளிரு, எரிச்சல் ஏதாவது?"

"ரெண்டு தடவையும் வந்துச்சு. சூடுன்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரரு, உனக்குக் குடுத்து வைக்கலன்னு சொல்லிட்டாரு. நானும் அப்படித்தான்னு இருந்துட்டேன்." அவள் நர்ஸ் பக்கம் குனிந்தாள். "அப்ப அதுங்க ரெண்டும் இதாலதான் போச்சா சிஸ்டர்?"

"இத்தனை வருஷம் கழிச்சு அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா," என்றாள் நர்ஸ். ஆனால் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, "இவளைக் காப்பாத்திக்கலாம். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும். அடக்கவே கூடாது," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மாமியார் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். இருபது வருஷத்துக்கு முந்தைய அழுகை அது. யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களை யார் கேட்கிறார்கள்?

நாலு நாள் கழித்து மருமகள் வீட்டுக்கு வந்தாள். அந்த நாலு நாளில் ஒரு நாள் மாமியார் தனியாகக் கடை போட்டதில், வண்டி வந்து பாதி வாளிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. "அவ வீட்டுலயே இருக்கட்டும்," என்றான் மகன்.

"இருந்தா மிச்ச வாளியும் போயிடும்," என்றாள் மருமகள். "நான் வரேன் அத்தை. ஆனா தண்ணி குடிப்பேன். நீங்க என்ன சொன்னாலும் குடிப்பேன்."

மாமியார் மறுநாள் விடியுமுன் எழுந்து, வீட்டில் இருந்த பாட்டில்களை எல்லாம் கழுவி நிரப்பிப் பையில் அடுக்கினாள்.

பத்தரை மணிக்கு வியாபாரம் சூடு பிடித்திருந்தது. மாமியார் வாளிகளைச் சீப்பு விற்கிறவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே போய்த் துணிக்கடைப் படியில் உட்கார்ந்தாள். மூன்றாவது படி, நட்ட நடுவில். கன்னத்தில் அடக்கியிருந்த கிராம்பை எடுத்து எறிந்தாள். பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"அடியேய்! ஒட்டகம் தண்ணி குடிக்குதுடி!" என்று கத்தினாள் குடை விற்கிறவள். வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின. மருமகளும் குடித்தாள். படியேற வந்தவர்கள் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "ஏம்மா, இங்க என்ன பண்றீங்க?"

"தண்ணி குடிக்கிறோம் சார்."

"அதுக்கு இந்தப் படிதான் கெடைச்சுதா? எழுந்திருங்க, வழியை விடுங்க!"

"எழுந்திருக்கத்தான் போறோம். குடிச்சது இன்னும் கொஞ்ச நேரத்துல முட்டும். அப்ப எந்தக் கதவு திறந்திருக்கோ அதுக்குள்ள போவோம். ஒரு கதவும் திறக்கலன்னா எழுந்திருக்க மாட்டோம். இந்தப் படியிலதான்."

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். மேலே ஒரு குடும்பம் பைகளோடு இறங்கிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போலீஸைக் கூப்பிடுவேன்," என்றார்.

"கூப்பிடுங்க. அவங்க வந்தாலும் அவசரத்துக்கு உங்க கக்கூஸுக்குத்தானே போவாங்க? அங்க கெடக்கிற மக்கு நான் வித்த மக்கு. அது உள்ள போலாம், நான் போகக்கூடாதா?"

"பெரிய மனுஷி, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"இருந்துச்சு சார். இருபத்தாறு வருஷம் இருந்துச்சு. அந்த வெக்கத்துக்கு ரெண்டு புள்ளைய, இதோ, இந்தப் படிக்கு எதிர்லயே உக்காந்து குடுத்துட்டேன். மூணாவதைக் குடுக்க மாட்டேன்."

அவள் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. அங்கே காய்ச்சல் கண்டு, கரு கலைந்து, குடுத்து வைக்கல என்று பேர் வாங்கியவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. குடை விற்கிறவள் சிரிப்பதை நிறுத்தினாள். குனிந்து, தன் பைக்குள்ளிருந்து, இரவு வீடு திரும்பும்போது குடிப்பதற்கென்று வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். அப்புறம் சீப்பு விற்கிறவள் எடுத்தாள். அந்தப் பக்கம் செருப்பு விற்கிற இரண்டு பேர் எடுத்தார்கள். எல்லோரும் துணிக்கடைக் கதவைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள்.

காவலாளி கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

மாமியார் இன்னொரு பாட்டிலைத் திறந்து மருமகள் கையில் கொடுத்தாள்.

"குடிம்மா," என்றாள்.